நியமன ஆணைக்குப் பின்: அரசு மருத்துவர்கள் எப்போது, ஏன் விலகுகிறார்கள்?

அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் பற்றாக்குறை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு எண்கள் முன்வைக்கப்படுகின்றன: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை. இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்குக் காலிப்பணியிடம் என்று பெயர். அதற்கு மருந்து புதிய நியமனம் என்று முடிவாகிறது. இந்தக் கணக்கில் மூன்றாவதாக ஓர் எண் விடுபட்டுப்போகிறது. நியமன ஆணை பெற்றவர் அந்த இடத்தில் எத்தனை மாதம் இருந்தார் என்பதே அது. ஆயிரம் பேரை எடுத்து இரண்டே ஆண்டில் பாதிப் பேரை இழக்கும் துறையையும், அதில் பாதிப் பேரையே எடுத்து அவர்களைப் பத்தாண்டு வைத்திருக்கும் துறையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், முதலாவது எப்போதும் பரபரப்பாக ஆள் எடுத்துக்கொண்டே இருக்கும். நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் மருத்துவர் இரண்டாவதில்தான் இருப்பார்.

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் கிராமப்புறங்களில் வாழ்ந்தாலும், மருத்துவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அங்கு பணியாற்றுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பரிந்துரை ஆவணம் சுட்டிக்காட்டியது. கல்வி, சட்ட விதிகள், பண ஊக்கம், பணியிலும் வாழ்விலும் துணை என நான்கு வகையாகப் பிரித்துத் தீர்வுகளை முன்வைத்த அந்த ஆவணம் 2021இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதில் உள்ள எந்தத் தீர்வும் புதியதன்று. ஏதாவது ஒரு நாடு எப்போதோ செய்து பார்த்ததுதான். அவற்றில் சில பலித்ததும் பல பாதியில் நின்றதும் ஏன் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், மருத்துவர் அரசுப் பணியை விட்டுப்போகும் தருணங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பணியில் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு தருணம். மேற்படிப்பு முடித்துத் திரும்பும் காலம் இன்னொன்று. நாற்பதை ஒட்டிய வயதில், பதவி உயர்வும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து நெருக்கும் காலம் மூன்றாவது. அரசுகளின் கவனம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

அந்த முதல் தருணத்தைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரும் இளம் மருத்துவர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, சந்தேகம் வந்தால் கேட்க மூத்தவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்தார். இங்கே காலை புறநோயாளிப் பிரிவில் நூறு பேருக்கு மேல் பார்த்து முடிப்பதற்குள், பிரசவ அறையிலிருந்து செவிலியர் அழைப்பார். மதியம் முகாம், மாலைக்குள் அனுப்பவேண்டிய மாதாந்திர அறிக்கை, ஒரே தகவலை மூன்று இணையதளங்களில் தனித்தனியாக ஏற்றவேண்டிய வேலை. இதற்கிடையில், இரண்டு ஆண்டுக்கு முன் வேறோர் ஊரில் எழுதிக் கொடுத்த காயச் சான்றிதழுக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்ற அழைப்பாணை வரும். அன்றைய வேலையை யார் பார்ப்பது என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் விடை இருக்காது. வளாகத்துக்குள் மருத்துவர் குடியிருப்பு என்று பெயர்ப்பலகை இருக்கும். தண்ணீர் இணைப்பு இருக்காது. இவற்றில் எதுவும் தனியாக ஒருவரை வேலையை விடவைப்பதில்லை. ஆனால் இது எப்போது முடியும் என்று தெரியாத நிலை விடவைக்கிறது. கஷ்டமான இடத்தில் இரண்டு ஆண்டு இருக்கத் தயாராக இருக்கும் பலர், எத்தனை ஆண்டு என்று சொல்லப்படாத இடத்தில் ஆறு மாதம்கூட இருக்க விரும்புவதில்லை. தக்கவைத்தல் பற்றிய விவாதங்களில் சம்பளத்துக்குக் கொடுக்கப்படும் இடத்தில் பாதியாவது இந்த நிச்சயமின்மைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

கட்டாயப் பணி என்பது அரசுகளுக்கு முதலில் தோன்றும் வழி. அரசுச் செலவில் படித்தவர் சில ஆண்டுகளாவது அரசுக்கு வேலை செய்யட்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தாய்லாந்து 1970களின் தொடக்கத்திலிருந்து மருத்துவப் பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டு அரசுப் பணியைக் கட்டாயமாக்கியது. மீறினால் 4,00,000 பாட் கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்கா 1998இல் மருத்துவர்களுக்கு ஓராண்டு சமூகப் பணியைக் கொண்டுவந்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் உள்ளது. இவற்றின் பலன் உடனடியானது: பணியாளர் பட்டியலில் மருத்துவர் பெயரே இல்லாத மருத்துவமனைக்கு ஒரு மருத்துவர் வந்து சேர்கிறார். ஆனால் பிணைத்தொகை சில ஆண்டுகளில் தண்டனை என்ற தன்மையை இழந்து விலையாகிவிடுகிறது. தனியார் மருத்துவமனைகள் தரும் சம்பளம் ஏற ஏற, அதைக் கட்டிவிட்டு வெளியேறுவது சிலருக்குக் கணக்குப்படி லாபமாகிறது. சில சமயம் வேலைக்கு எடுக்கும் நிறுவனமே கட்டிவிடுகிறது. கட்டாமல் இருப்பவர்களும் கடைசி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஊருக்கு ஆண்டுதோறும் புதிய மருத்துவர் வருவதும் போவதுமாக இருந்தால், அங்குள்ள நீரிழிவு நோயாளி ஒவ்வொரு ஆண்டும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தாய்லாந்தின் அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1990களின் முற்பாதியில் அந்நாட்டுப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தபோது, நகரங்களில் பெருகிய தனியார் மருத்துவமனைகள் மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து மருத்துவர்களை அள்ளிச் சென்றன. அரசு எதிர்வினையாக, தனியார் தொழில் செய்யாதவர்களுக்கு மாதம் 10,000 பாட் சிறப்புப் படி அறிவித்தது. 1997இல் நிதி நெருக்கடி வந்து தனியார் மருத்துவமனைகள் காலியானபோது, போனவர்களில் ஒரு பகுதியினர் அரசுப் பணிக்குத் திரும்பினார்கள். ஆகவே ஓர் ஆண்டில் மருத்துவர்கள் குறைவாக விலகினார்கள் என்றால், அந்தப் பெருமை துறையின் கொள்கைக்கு உரியதா, வெளிச் சந்தையின் மந்தத்துக்கு உரியதா என்று கேட்டுப் பார்த்த பிறகே பாராட்ட வேண்டும்.

பணம் வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. எய்ட்ஸ் பேரிடரின் நடுவே சுகாதாரப் பணியாளர்களை இழந்துகொண்டிருந்த மலாவி, நன்கொடை நாடுகளின் உதவியோடு 2004இல் அவசரத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, குறிப்பிட்ட பணிப் பிரிவுகளுக்குச் சம்பளத்தின் மேல் 52 சதவீதம் கூடுதலாக வழங்கியது. பயிற்சி இடங்களையும் பெருக்கியது. 2004க்கும் 2009க்கும் இடையே அங்கு சுகாதாரப் பணியாளர்களின் எண்ணிக்கை 53 சதவீதம் உயர்ந்தது. சம்பளம் மிகக் கீழே இருக்கும் இடத்தில் ஏற்றம் உடனே தெரியும் என்பதற்கு இது சான்று. ஆனால் மருத்துவமனை என்பது மருத்துவரால் மட்டும் நடப்பதன்று. ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுக்கப்படும் படி, பக்கத்தில் நிற்பவரின் மனத்தில் வேறு கணக்கைத் தொடங்கிவைக்கிறது. கானாவில் 1990களின் இறுதியில் கூடுதல் பணிநேரப் படி கொண்டுவரப்பட்டபோது, தமக்குக் கிடைத்தது மருத்துவர்களுக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு என்று செவிலியர்கள் கொதித்தார்கள். இலங்கையில் 2024 ஜனவரியில் மருத்துவர்களின் இடையூறு, வருகை, போக்குவரத்துப் படி 35,000 ரூபாய் உயர்த்தப்பட்டதும், அதே உயர்வைக் கோரி மற்ற சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின; மருத்துவமனைகளில் படையினரை நிறுத்த வேண்டி வந்தது. அந்நிய நாடுகளுக்குப் போகும் மருத்துவர்களை நிறுத்துவதற்கான நடவடிக்கை, மருத்துவமனையை நடத்தும் மற்றவர்களை வெளியே நிறுத்திய கதை அது.

சம்பளத்தை உயர்த்த மனமில்லாத அரசுகள் பயன்படுத்தும் மலிவான வழி, பணிநேரத்துக்குப் பின் தனியார் தொழில் செய்ய அனுமதிப்பது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த அனுமதி உண்டு. இந்திய ஒன்றிய அரசு அதைத் தடைசெய்து, அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதத்தைப் படியாக வழங்குகிறது. கேரளம் 2009இல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் தனியார் தொழிலைத் தடைசெய்தது. பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்கள் வீட்டில் பார்க்கலாம் என்று விட்டது. அனுமதி கொடுத்தால் மாலை மருத்துவமனைக்காகக் காலை வேலை சுருங்கும் என்பதும், தடைசெய்தால் திறமைசாலிகள் முழுதாகவே போய்விடுவார்கள் என்பதும் இரு தரப்பு அச்சங்கள். இரண்டும் ஓரளவு உண்மை. கவனிக்க வேண்டியது வேறொன்று. மாலைத் தொழிலுக்கு வருமானம் தரும் ஊர் பெரிய ஊராகவே இருக்கும். அதனால் இந்த அனுமதி மருத்துவரை அரசுப் பணியில் வைத்திருக்கிறது. ஆனால் குக்கிராமத்தில் வைத்திருப்பதில்லை. மயக்கவியல் நிபுணருக்கும் பொது மருத்துவருக்கும், தோல் மருத்துவருக்கும் தடயவியல் மருத்துவருக்கும் அது ஒரே அளவில் பயன்படுவதும் இல்லை.

பணத்தைவிட வலுவான பிடிப்பு ஒன்று உண்டென்றால் அது மேற்படிப்பு. எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்று நினைக்கும் இளம் மருத்துவர் இன்று அரிது, எம்.டி., எம்.எஸ். இடம் எவ்வழியில் கிடைக்கும் என்பதே அவருடைய அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாடு இதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போன இடங்கள் தவிர மாநிலத்தின் கையில் இருந்த பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ‘சர்வீஸ் கோட்டா’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சில ஆண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், பொதுப் போட்டியைவிடச் சற்று எளிதான ஒரு வரிசையில் நிற்கலாம் என்ற நம்பிக்கை, எந்தப் படியும் இழுக்காத அளவுக்கு மருத்துவர்களைத் தொலைவான ஊர்களுக்கு இழுத்தது. படித்துத் திரும்பியவர்கள் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களாக அமர்ந்தார்கள்.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு பட்டமேற்படிப்பு விதிகள், எம்.டி., எம்.எஸ். இடங்களில் தனி ஒதுக்கீட்டுக்குப் பதிலாக வேறொரு வழியை வைத்தன: தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணில் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண். இந்த விதியே முழுமையானது, மாநிலங்கள் அதை மீறித் தனி ஒதுக்கீடு வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்டில் ஒரு வழக்கில் கூறியதும், தமிழ்நாட்டின் ஒதுக்கீடு ஆட்டம் கண்டது. 2017 ஏப்ரலில் அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். எது கடினப் பகுதி, எது இல்லை என்ற வரையறையே அடுத்த சண்டையாயிற்று. ஒரே பேருந்துத் தடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிலையங்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றொன்று இருக்காது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 31 அன்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், பணியில் உள்ள மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பு இடங்களை ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. படித்து முடித்தவர் கிராமப்புற, மலை, பழங்குடிப் பகுதிகளில் பணியாற்றுவதற்குப் பிணைப்பத்திரம் பெறுவது குறித்தும் அது பேசியது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, எம்.டி., எம்.எஸ்.க்கு மேலான உயர்சிறப்புப் படிப்புகளுக்கும் 50 சதவீத ஒதுக்கீட்டை அறிவித்தது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வராத அது 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அனுமதியோடு வழிக்கு வந்தது.

இந்த வழியின் முரண்பாட்டை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவரைக் கிராமத்துக்கு அழைத்து வருவதும் இதுதான், அங்கிருந்து எடுத்துச் செல்வதும் இதுதான். நிலையத்தில் இருக்கும் ஆண்டுகளில் அவர் கையில் நுழைவுத்தேர்வுப் புத்தகம் இருக்கிறது. இடம் கிடைத்தவுடன் மூன்று ஆண்டு அந்த நிலையம் வெறுமையாகிறது. ஆயினும் துறை முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் கணக்கு வேறு. அவர் நிலையத்தை விட்டுப்போனாலும் துறையை விட்டுப்போவதில்லை. வேறோர் இடத்தில் கூடுதல் திறமையோடு வந்து அமர்கிறார். நிலையங்களில் மாறிக்கொண்டே இருக்கும் இளம் மருத்துவர்கள், மருத்துவமனைகளில் நிலைத்து நிற்கும் சிறப்பு மருத்துவர்கள் என்ற இந்த அமைப்பை, குறை தெரிந்தே ஏற்றுக்கொள்ளத்தக்கதாக நான் கருதுகிறேன். சத்தீஸ்கர் 2009இல் தொடங்கிய கிராமப்புற மருத்துவப் படைத் திட்டம், நிலையங்களை அவற்றின் கடினத்தன்மைக்கேற்ப வகைப்படுத்தி, பணப்படியையும் மேற்படிப்புக்கான ஊக்க மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டில் எது இழுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்ததே அதன் பலம்.

மேற்படிப்பு முடித்துத் திரும்பியவரைத் துறை எங்கே வைக்கிறது என்பது இரண்டாவது தருணத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது. மகப்பேறு மருத்துவர் ஒருவர் வட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அறுவை அரங்கு இருக்கிறது, ஆனால் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. சிசேரியன் தேவைப்படும் ஒவ்வொரு தாயையும் 108 வாகனத்தில் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவதே அவர் செய்யக்கூடிய மருத்துவம். மூன்று ஆண்டு கற்ற கைத்திறன் ஓராண்டில் துருப்பிடிக்கத் தொடங்குவதை அவரே உணர்கிறார். இந்தியாவின் 2021–22ஆம் ஆண்டு கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரம், சமுதாய நல மையங்களில் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் இல்லை என்று காட்டியது. இந்தப் பற்றாக்குறையை மேலும் பெருக்குவது, இருக்கும் சிலரையும் தனித்தனியாகச் சிதறடிப்பதுதான். பத்து மருத்துவமனைகளுக்கு ஒவ்வொருவராக அனுப்புவதைவிட, மூன்று மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் நிபுணர், குழந்தைநல மருத்துவர் மூவரையும் சேர்த்து அமர்த்தினால் அறுவை அரங்குகள் திறந்திருக்கும், மருத்துவர்களும் இருப்பார்கள். அரசியல் ரீதியாக இது எளிதன்று; தம் தொகுதி மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் சிறப்பு மருத்துவர் பெயர் இல்லாமல் போவதை எந்த உறுப்பினரும் விரும்பமாட்டார்.

மூன்றாவது தருணம் சத்தமின்றி வருவது. இந்திய ஒன்றிய அரசின் மருத்துவர்களுக்கு, காலியிடம் இருக்கிறதா என்று பார்க்காமல், 4, 9, 13, 20 ஆண்டுப் பணி முடிவில் அடுத்தடுத்த நிலைக்கு உயர்த்தும் திட்டம் 2008 முதல் உள்ளது. தமிழ்நாட்டில் 2009இல் வந்த 354ஆம் எண் அரசாணை இதையொத்த ஏற்பாட்டை இன்னும் நீண்ட இடைவெளிகளோடு கொண்டுவந்தது; அந்த அரசாணைப்படி ஊதியத்தை மறுபரிசீலனை செய்து இடைவெளிகளைக் குறைக்க வேண்டும் என்பது 2019 அக்டோபர் இறுதியில் நடந்த மருத்துவர் வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. மலேசியாவில் 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள்; நிரந்தரப் பணி எப்போது என்பதற்கு விடையில்லை, சிறப்பு மருத்துவப் படிப்புக்கான அரசு உதவிக்கும் வழியில்லை. 2021 ஜூலை 26 அன்று, கோவிட் உச்சத்தில் இருந்தபோது, அவர்கள் பணியிடத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். இரண்டு இடங்களிலும் கோரிக்கையின் வடிவம் பணமாக இருந்தாலும், உள்ளே இருந்த கேள்வி பத்து ஆண்டு கழித்து நான் எங்கே இருப்பேன் என்பதே.

இடமாற்றத்தை இதனோடு சேர்த்தே பேச வேண்டும். திரையில் காலியிடப் பட்டியலை ஓடவிட்டு, மூப்பு வரிசையில் பெயரை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கலந்தாய்வு முறை செலவே இல்லாத தக்கவைப்புக் கருவி. அரங்கில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர், தனக்கு முன்னால் எத்தனை பேர், எந்த ஊர் இன்னும் மிச்சமிருக்கிறது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டே இருப்பார். பிடிக்காத ஊர் கிடைத்தாலும் அது எப்படிக் கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். கலந்தாய்வு நாளன்று சில நல்ல இடங்கள் பட்டியலில் காணாமல்போய், இரண்டு வாரம் கழித்து நிர்வாகக் காரணம் என்ற பெயரில் நிரப்பப்பட்டால், அதுவரை சேர்த்த நம்பிக்கை அத்தனையும் கரைந்துவிடும். கணவனும் மனைவியும் மருத்துவர்களாக இருப்பது இன்று சாதாரணம் என்பதால், இருவருக்கும் ஒரே மாவட்டம் என்ற விதி பல படிகளைவிடப் பெரிய சலுகை.

யாரை எடுப்பது என்பதிலிருந்தே தொடங்கும் நாடுகளும் உண்டு. ஜப்பானின் 47 மாகாணங்களும் சேர்ந்து 1972இல் நிறுவிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவர்களை எடுத்து, படித்து முடித்து ஒன்பது ஆண்டு சொந்த மாகாணம் சொல்லும் இடத்தில் பணியாற்றினால் கல்விக்கடனைத் தள்ளுபடி செய்கிறது. தாய்லாந்தும் 1990களின் நடுவிலிருந்து கிராமப்புற மாணவர்களைத் தனியாகத் தேர்ந்து, மாகாண மருத்துவமனைகளிலேயே பயிற்சி கொடுத்து வருகிறது. கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் நிற்கும் வாய்ப்பு அதிகம் என்பது இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்பட்ட முடிவு. இதன் பலன் தெரியப் பத்து ஆண்டு ஆகும் என்பதால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திப்பவர்களுக்கு இதில் ஆர்வம் குறைவு.

வெளிநாட்டுக்குப் போவதைத் தடுக்க அரசுகளின் கையில் பெரிய கருவி எதுவும் இல்லை. 2010இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற சர்வதேச ஆட்சேர்ப்பு நெறிமுறை தன்விருப்பத்தின்பேரிலானது. கடும் பற்றாக்குறையுள்ளவை என்று 2023இல் பட்டியலிடப்பட்ட 55 நாடுகளிலிருந்து தீவிரமாக ஆள் எடுக்க வேண்டாம் என்று அது கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். வன்முறையும் விலகலுக்கான காரணமாகிவருகிறது. 2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரை வட்ட மருத்துவமனையில், காவலர்கள் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒருவர் இளம் பயிற்சி மருத்துவரைக் குத்திக் கொன்றார். அதன்பின் சட்டம் கடுமையானது. இரவுப் பணியில் தனியாக இருக்கும் மருத்துவருக்குச் சட்டத்தைவிட, கூப்பிட்டால் வந்து நிற்கும் இன்னொரு ஆள் முக்கியம்.

இத்தனை இருந்தும், விலகிப்போனவரிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யும் வழக்கம் துறைகளில் அரிது. பலர் முறையாக விலகுவதும் இல்லை. ஒரு நாள் வராமல் நின்றுவிடுகிறார்கள். முதலில் அது விடுப்பாகக் கருதப்படும். பிறகு அனுமதியற்ற வராமை. பிறகு முகவரிக்குப் பதிவுத் தபால். அது திரும்பி வந்தால் மறுபடி ஒன்று. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘17(பி)’ என்று சொல்லப்படும் குற்றக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி நியமனம், விசாரணை அறிக்கை, அதன்மேல் விளக்கம் என்று கோப்பு நகரும். அந்த மருத்துவர் வேறோர் ஊரில் தனியார் மருத்துவமனையில் அமர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே பணியாளர் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டது என்றே இருக்கும். ஆகவே அடுத்த நியமன அறிவிப்பில் அந்த ஊர் இடம்பெறாது.